மெசின் துப்பிய காசோலை

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர், என் மகள், கணவரின் அக்காவான ராத்தா. லொறி ஓட்டி வந்தவரையும் சேர்த்தால் ஐந்து. அவர் வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்தில் நின்றபடியே தேத்தண்ணி குடித்தார். ஆறாவது ஆள் யாரும் இல்லை. இதை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் உண்டு. அவர் கடித உறையை என் கையில் தந்ததுமே, நாளைக்கு இது காணாமல் போனால் யார் யார் சாட்சிக்கு வருவார்கள் என்று நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன். என் குணம் அப்படி.

உறைக்குள் இருந்தது ஒரு காசோலை. ஆறு இலட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபா. என் பெயர் போட்டு, மூலையில் இரண்டு கோடு இழுத்திருந்தது. அந்தப் பருவம் முழுக்க நானும் ராத்தாவும் மகளும் கடற்கரை வாடிக் கொட்டகையில் காயவைத்துக் கொடுத்த கருவாட்டுக்கான மொத்தக் காசு அது. கருவாடு வாங்குகிற சிலாபத்து முதலாளி முன்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நோட்டாகத்தான் அனுப்புவார். இந்த முறை நான்தான் மொத்தமாகக் கேட்டிருந்தேன். அவ்வளவு காசை லொறியில் கொடுத்துவிட அவருக்குப் பயம். அதனால் காசோலை. நாற்பத்தைந்து வயதில் என் பெயருக்கு வந்த முதல் காசோலை.

மொத்தமாகக் கேட்டது காணிக்காக. குறிஞ்சிப்பிட்டியில் நாங்கள் குடியிருக்கும் துண்டு ஒரு ஹாஜியாருடையது. நாங்கள் வாடகை கொடுத்துத்தான் இருந்தோம். இப்போது பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கிவிட்டதால், அவர்களுக்கு அறை கட்டிக் கொடுக்கிற கம்பனி ஒன்று ஹாஜியாரின் மகன்மாரைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாஜியார் நல்ல மனிதர். இருக்கிறவர்களுக்கே முதலில் என்று சொல்லி, பன்னிரண்டு இலட்சத்துக்கு ஒப்பந்தம் எழுதித் தந்தார். இரண்டு இலட்சம் முற்பணம் கொடுத்துவிட்டோம். அடுத்த ஏழு இலட்சத்தை வருகிற வியாழக்கிழமை மத்தியான லுஹர்த் தொழுகைக்கு முன், பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு வீட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். தவறினால் ஒப்பந்தம் முறியும். காணி கம்பனிக்குப் போகும். மகன்மார் அந்த வரியை எழுதச் சொல்லி நொத்தாரிசுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். வீட்டில் பதினைந்தாயிரம் இருந்தது. மிச்சம் முழுக்க அந்தக் காசோலைதான்.

ராத்தா அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஆறு மாசக் கருவாட்டுக்கு இந்தக் கடதாசி ஒண்டா? மணந்து பாத்தாக்கூட மீன் வாசம் இல்லயே."

மகள் உடனே சொன்னாள், கற்பிட்டி டவுனில் பேங்குக்கு வெளியே செக் போடுகிற மெசின் இருக்கிறது, சனி ஞாயிறு என்று பார்க்காது, இன்றைக்கே போட்டுவிட்டு வருவோம் என்று. மெசினில் காசு எடுக்கவே நான் மகளைத்தான் விடுவேன். அதற்குள் இவ்வளவு பெரிய காசோலையைக் கொடுப்பதா? பாதி உள்ளே போன நேரம் கரண்ட் போனால்? எங்கள் பக்கம் கொஞ்சம் காற்று பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். உள்ளே போனது கிழிந்துவிட்டால்? நான் போட்டேன் என்பதற்கு யார் சாட்சி? யாரோ ஒரு பெண் போட்ட ஐயாயிரம் ரூபா நோட்டுகளை மெசின் பிடித்துக்கொண்டது என்றும், அதைத் திரும்ப வாங்க ஒரு மாதம் அலைந்தாள் என்றும் கதை கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவளை நினைத்துப் பயந்தேன்.

"மனிசர் இரிக்கிற கவுண்டர்லதான் குடுப்பன்" என்றேன்.

"திங்கக்கிழம போயா லீவு, உம்மா. பேங்க் செவ்வாய்தான்."

"செவ்வாயே போவம். மூணு நாள்ல ஒண்டும் ஓடிப் போகாது."

என் கணவர் வலையை ஒதுக்கிக்கொண்டே, நீ யோசித்தே அந்தச் செக்கைப் பழசாக்கிவிடுவாய் என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனார்.

ஒன்றும் ஓடிப் போகாது என்று வாயால் சொல்லிவிட்டேனே தவிர, அன்று பின்னேரத்துக்குள் அந்தக் காசோலையை மூன்று இடம் மாற்றினேன். முதலில் அலுமாரியில் வைத்தேன். உப்புக் காற்றில் அலுமாரியின் பின்பக்கம் எப்போதும் ஈரம் கோத்திருக்கும் என்று நினைவு வந்தது. அரிசி டின்னில் வைத்தேன். வண்டு அரித்தால்? தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன். அது கசங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் தூக்கம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால், அடுத்து நான் செய்த வேலை வெறும் பைத்தியம் போலத் தெரியும்.

தொண்ணூறில் மன்னார்த் தீவிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கம் போகச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. தோணியில்தான் கற்பிட்டிக்கு வந்தோம். உம்மா காணி எங்களுடையது என்கிற உறுதிப் பத்திரம், எங்கள் பிறப்புப் பத்திரங்கள், தன் கல்யாணத்துக் காவின் பதிவு எல்லாவற்றையும் ஒரு துணிப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். வழியில் கடல் தோணிக்குள் அடித்தது. கரையில் இறங்கியதும் உம்மா முதலில் செய்தது, அந்தக் கடதாசிகளை ஒவ்வொன்றாக மணலில் விரித்து மூலைக்கு ஒரு சிப்பி வைத்ததுதான். காய்ந்தன. மை மட்டும் மிஞ்சவில்லை. அந்த உறுதியின் காணி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று வாப்பா சாகும்வரை சொன்னார். எந்த ஒபிசிலும் அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. முகாம் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை போனேன். பிறகு உம்மாவோடு வாடிக்குக் கருவாடு காயவைக்கப் போய்விட்டேன்.

எங்கள் மாதிரி வந்தவர்களின் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. கையில் கிடைக்கிற கடதாசி எதுவானாலும் லெமினேட் செய்துவிடுவோம். பிறப்புப் பத்திரம், காவின் பதிவு, அகதி அட்டை, போட் லைசன்ஸ், மகள் குழந்தையாக இருந்தபோது ஊசி போட்ட அட்டை எல்லாமே எங்கள் வீட்டில் பிளாஸ்டிக்குக்குள் இருக்கின்றன. அந்தக் கட்டு கை தவறி விழுந்தால் ஓடு விழுந்த மாதிரிச் சத்தம் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் போனேன். போட்டோக்கொப்பிக் கடைக்காரர் காசோலையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"ராத்தா, இது செக்கெல்லா?"

"செக்குதான். நனைஞ்சா நீங்களா தருவீங்க?"

அவர் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். சூடான மெசினுக்குள் அது ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்தது. அந்த மெசினைப் பார்த்து எனக்குப் பயமே வரவில்லை என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பளபளவென்று, தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாத மாதிரி இருந்தது. கொண்டுவந்து மற்றக் கடதாசிகளோடு வைத்தேன். ஞாயிறும் திங்களும் நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நானும் மகளும் வங்கி வாசலில் நின்றோம். விடுமுறைக்குப் பிறகு திறந்த நாள். வரிசை வெளிப்படி தாண்டி வெயிலுக்கு வந்திருந்தது. காவலாளி எங்கள் கையில் பாஸ்புத்தகத்தைப் பார்த்து, செக் என்றால் மெசினில் போடுங்கள், இந்த வரிசையில் நின்றால் மத்தியானம் ஆகும் என்றார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். சரி என்று சொன்னேன். அவளுக்கே ஆச்சரியம். என் கணக்கு என்னவென்றால், இனி மெசின் என்ன செய்தாலும் என் காசோலைக்கு ஒன்றும் ஆகாது.

பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். மகள் அதைக் கையில் வாங்கி, விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

"உம்மா. இத என்ன செஞ்சீங்க?"

"பாதுகாப்புக்கு."

மெசினின் வாய்க்குள் அதை வைத்தாள். உள்ளே இழுத்தது, கரகரவென்று ஒரு சத்தம், திரும்ப வெளியே தள்ளியது. இரண்டாம் முறை முழுக்க இழுக்கவே இல்லை. மூன்றாம் முறை துப்பிவிட்டுத் திரையில் ஏதோ எழுதிக் காட்டியது. மூன்று நாளாக நான் அதை நம்பவில்லை. இப்போது அது என்னை நம்பவில்லை. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

காவலாளி எங்களை உள்ளே கூட்டிப் போனார். கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளை நன்றாகத் தமிழ் கதைத்தாள். அவள் காசோலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், உள்ளே கொண்டுபோய்ப் பெரியவரிடம் காட்டினாள், திரும்பி வந்தாள். சிரிக்கவில்லை என்பதற்காக இன்றும் தொழுகையில் அவளுக்கு துஆ கேட்கிறேன். இதை எடுக்க முடியாது, உரித்தால் கையெழுத்தோடு வந்துவிடும், தந்தவரிடமே புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். நான் பக்கத்துக் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்கு முன்னால் மணலும் சிப்பியும்தான் தெரிந்தன. உம்மாவின் உறுதியைத் தண்ணீர் அழித்தது. நான் கொண்டுவந்ததை நானே காசு கொடுத்து அழித்துவிட்டேன்.

அந்தப் பிள்ளை கவுண்டருக்கு மேலால் குனிந்து சொன்னாள்.

"அன்ரி, பயப்படாதீங்க. காசு எங்கயும் போகல்ல. அது முதலாளிட கணக்கில அப்படியே இரிக்கு. இது கடதாசி மட்டும்தான்."

கடதாசி மட்டும்தான். எனக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. எங்கள் அனுபவத்தில் கடதாசி போனால் பொருளும் போய்விடும்.

வெளியே வந்து மகள் முதலாளிக்குப் போன் எடுத்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"அக்கா, முழுசாவா? சுத்திவரவா?"

"ஓம் முதலாளி. சுத்திவர."

அவர் கோபப்படவில்லை. ஆனால் பழைய காசோலையைக் கண்ணால் பார்க்காமல் புதியதை எழுத மாட்டேன், ஒரு சரக்குக்கு இரண்டு காசோலை வெளியே இருக்கக் கூடாது என்றார். அதுவும் நியாயம்தான். தான் நீர்கொழும்பில் நிற்பதாகவும் பின்னேரம்தான் சிலாபம் வருவதாகவும் சொன்னார். கடையில் வந்து இருங்கள் என்றார்.

பாலாவிச் சந்தியில் பஸ் மாறி, ஒரு மணிக்குச் சிலாபத்தில் இறங்கினோம். வழி முழுக்க நான் கணக்குப் பார்த்தேன். அவர் வராவிட்டால்? வந்தும் எழுதாவிட்டால்? எழுதி, அதில் என் பெயர் பிழைத்துவிட்டால்? மகள் ஒரு பாண் துண்டைப் பிய்த்து என் கையில் வைத்து, இதைச் சாப்பிட்டுவிட்டு யோசியுங்கள் என்றாள்.

முதலாளியின் கடையில் எங்களுக்கு இரண்டு கதிரை போட்டார்கள். பொதி கட்டுகிறவர்கள் என் காசோலையைக் கேட்டு வாங்கி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் அதில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துத் தலைமுடியை ஒதுக்கினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வர வேண்டிய நேரத்தில் அது எப்படி வந்ததென்று தெரியவில்லை.

முதலாளி வரும்போது நான்கு மணிக்குப் பத்து நிமிடம். வந்ததும் காசோலையை மேசையில் வைத்து, குறுக்கே கோடு கீற பேனையை எடுத்தார். பிளாஸ்டிக்கில் பேனை வழுக்கியது. இன்னொரு பேனை எடுத்தார். அதுவும் வழுக்கியது. கடைசியில் பொதி வெட்டுகிற கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு கையாலும் அழுத்தி அதை நான்கு துண்டாக்கினார். பிறகு வங்கிக்குப் போன் எடுத்துப் பழைய இலக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் புதியதை எழுதினார். என் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் நான் மேசைக்கு இந்தப் பக்கம் தலைகீழாக வாசித்துக்கொண்டே நின்றேன்.

"ஹரி, சரி. இந்தாங்க அக்கா. இதயும் உப்புப் போட்டுக் காய வெச்சிராதீங்க."

கடை முழுக்கச் சிரித்தது. அவர் சிரித்து முடித்து, கடைக்கு எதிரே கையைக் காட்டினார். உங்கள் வங்கியின் கிளைதான், கவுண்டர் மூடிவிட்டது, ஆனால் மெசினில் நாலரைக்கு முன் போட்டால் இன்றைக்கே கணக்கில் எடுப்பார்கள், நாளைக்குக் காசு வந்துவிடும் என்றார். நான் புதிய காசோலையைப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்துவிட்டேன். ஊருக்குப் போய், நாளைக்குக் காலையில் அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுப்போம் என்றேன்.

மகள் ரோட்டோரத்தில் நின்று என் இரண்டு கையையும் பிடித்தாள். அவள் என்னிடம் சத்தம் போட்டுக் கதைக்கிறவள் இல்லை. அன்றும் போடவில்லை.

"உம்மா, நாளைக்குக் குடுத்தா வியாழன் பின்னேரம்தான் காசு வரும். ஹாஜியாரோட மகன்மார் லுஹர் வரைக்கும்தான் பாப்பாங்க. நீங்க நம்பாட்டிப் பரவால்ல. நான் போடுறன்."

அப்போது மணி நாலேகால். நான் பையைத் திறந்தேன். நானே போடுகிறேன் என்றேன். அது தைரியமில்லை. விழுங்கிவிட்டால் அந்தப் பழி என் மகளின் கையில் இருக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

மெசின் எந்த மொழி என்று கேட்டது. தமிழைத் தொட்டேன். அதன் தமிழ் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி இருந்தது: காசோலையை உட்செலுத்தவும். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். வாசித்து முடிக்குமுன் திரை மாறி, உங்களுக்கு மேலும் நேரம் தேவையா என்று கேட்டது. பள்ளிக்கூடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. ஆம் என்பதைத் தொட்டேன். காத்திருந்தது. இரண்டாம் தரமும் கேட்டது. மறுபடியும் ஆம். கணக்கு இலக்கத்தை மகள் சொல்லச் சொல்லத் தொட்டேன். என் பெயர் திரையில் வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் காசோலையை வாய்க்குள் வைத்தேன். என் விரல் விடுமுன்னமே இழுத்துக்கொண்டது.

உள்ளே அதே கரகரச் சத்தம். பிறகு திரையில் என் காசோலையின் படம் வந்தது. முதலாளியின் கையெழுத்து, இரண்டு கோடு, ஆறு இலட்சத்து எண்பத்தைந்தாயிரம், மேசைக்கு மறுபக்கம் நின்று நான் தலைகீழாக வாசித்த என் பெயர், எல்லாம் நேராகத் தெரிந்தன. சரியா என்று கேட்டது. சரி என்றேன், வாயாலும் விரலாலும். ஒரு துண்டு வெளியே வந்தது. அதிலும் அதே படம், சின்னதாக.

"மனிசரவிட இது நல்லா சாட்சி சொல்லுது" என்றேன்.

"அதத்தான் சனிக்கிழம சொன்னன்" என்றாள் மகள்.

புதன்கிழமை நான் வாடிக்குப் போகவில்லை. போனை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். ராத்தா வந்து, அது கோழியா முட்டை போட, ஏன் பார்த்துக்கொண்டே இருக்கிறாய் என்று கேட்டார். அவரும் போகவில்லை, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பார்த்தார். பின்னேர அஸர்த் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் போன் அதிர்ந்தது. காசு கணக்கில் விழுந்துவிட்டது. மகளை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ராத்தா நாலாவது முறையும் வாசிக்கச் சொன்னார்.

வியாழன் காலை அதே பிள்ளையின் கவுண்டரில் காசு எடுத்தேன். பதினொரு மணிக்கு நொத்தாரிசு வீட்டில் ஏழு இலட்சத்தை என் கணவர் ஹாஜியாரின் கையில் கொடுத்தார். மகன்மார் இரண்டு பேரும் நேரத்தைப் பார்த்தார்கள். ஹாஜியார் எண்ணி முடித்துவிட்டு, இனி உங்கள் வீட்டுக்கு வேலி போடுங்கள், ஆடு வருகிறது என்று மட்டும் சொன்னார். அடுத்த கிழமையே வேலி போட்டோம். மிச்ச மூன்று இலட்சமும் தவணையில் கொடுத்து முடிந்ததும் உறுதி என் பெயரிலும் கணவர் பெயரிலும் எழுதப்படும்.

அந்த மெசின் துண்டை லெமினேட் செய்ய நான் கொண்டுபோகவில்லை என்று சொன்னால் அது பொய். கொண்டுபோனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் மெசினை நிறுத்திவிட்டு, முதலில் என்ன கடதாசி என்று சொல்லுங்கள் என்றார். துண்டைப் பார்த்து, இந்தக் கடதாசிக்குச் சூடு பட்டால் முழுக்கக் கறுத்துப் போகும், கொப்பி மட்டும் எடுத்துத் தருகிறேன் என்றார். எடுத்துத் தந்தார். அசல் துண்டு அலுமாரிக்குள் கிடந்து எழுத்தெல்லாம் மங்கி, இப்போது வெறும் வெள்ளையாக இருக்கிறது. முன்பென்றால் எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும். மை போனாலும் காசு போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

வாடியில் வேலை செய்கிற பெண்கள் இப்போது என்னிடம் வந்து, பெரிய செக்கை மெசினில் போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம் என்றுதான் சொல்கிறேன். படத்தில் உன் பெயரையும் தொகையையும் பார்க்காமல் சரி என்று தொடாதே, துண்டை வாங்காமல் நகராதே, அவசரப்படாதே, அது உனக்காக நிற்கும் என்று சொல்கிறேன். எனக்குப் பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் உள்ளே வைக்கிறேன். ஆனால் இப்போது துணைக்கு மகளைக் கூட்டிப் போவதில்லை.

போன மாதம் சின்னக் காசோலை ஒன்றை நானே தனியாகப் போய்ப் போட்டு, அதிலிருந்து ஹாஜியாருக்கு இருபதாயிரம் கொடுத்தேன். அதோடு மூன்று தவணை, அறுபதாயிரம். உறுதி எழுத இன்னும் கொடுக்க வேண்டியது இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா.